காறை எலும்பும் புதிய பதிப்பும்

காறை எலும்பு உடையும் சத்தம் பக்கத்தில் நிற்பவனுக்குக் கேட்காது. உடைபட்டவனுக்கு மட்டும், காதுக்குள்ளே யாரோ முற்றிய முருங்கைக்காயை ஒடித்த மாதிரி ஒரு ‘டொக்’. எனக்கு அது கேட்டது. ஹிஞ்சேவாடி போகிற சாலையில், காலை நெரிசலின் நட்டநடுவில், வீல் ஸ்பானரால் அடி வாங்கி விழுந்தபோது கேட்டது. சர்க்கரைக்கு மாத்திரை போட்டுக்கொண்டு, மாடிப்படி இறங்கும்போது கைப்பிடிச் சுவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இறங்குகிற நடுவயதுக்காரன் ஒருவன் தெருச்சண்டையில் எலும்பை உடைத்துக்கொண்டான் என்றால் அவன் வீரனாகத்தான் இருக்க வேண்டும் என்று என் அலுவலகத்தில் இன்றைக்கும் நம்புகிறார்கள். நான் மறுப்பதில்லை. இதைத் தமிழில் எழுதுவதால் அவர்கள் படிக்கப் போவதுமில்லை.

தமிழில் சொன்னால் யாருக்கும் புரியாது என்கிற இந்தத் தைரியம்தான் எல்லாவற்றுக்கும் காரணம்.

புனேக்கு வந்து பல வருஷம் ஆகிறது. சிஞ்ச்வட்டில் ஒரு ஹவுசிங் சொசைட்டியில் வீடு. எனக்கு ஊர் திருநெல்வேலிப் பக்கம், மனைவிக்குக் கோயம்புத்தூர். எங்கள் கட்டடத்தில் தமிழ் தெரிந்த மூன்றாவது உயிர் கிடையாது. அதனால் எங்களுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. முகம் நிறையச் சிரித்துக்கொண்டு தமிழில் திட்டுவது. லிஃப்டில் சொசைட்டி சேர்மன் ஏறுவார். மனைவி கைகூப்பிச் சிரித்துக்கொண்டே என்னிடம், “ஏனுங்க, இந்த மனுசன் குளிச்சு எத்தன நாளாச்சுன்னு கேளுங்க” என்பாள். சேர்மன் பதிலுக்குக் கைகூப்புவார். “இந்த சவுத்காரங்க எவ்வளவு சாந்தமான ஜனங்க” என்று தன் மனைவியிடம் ஹிந்தியில் சொல்வார். காய்கறிக்காரர், கேஸ் சிலிண்டர் கொண்டு வருபவர், என் மேலதிகாரி, யாரையும் நாங்கள் விட்டதில்லை. அத்தனை பேரும் எங்களைத் தங்கமான தம்பதி என்று சொன்னார்கள்.

இனி என் உத்தியோகம். ஹிஞ்சேவாடியில் ஒரு மென்பொருள் கம்பெனியில் சோதனைப் பிரிவு. மற்றவர்கள் செய்ததை உடைத்துப் பார்ப்பது என் தொழில். எங்கள் கம்பெனி செய்வது ஒரு பேச்சுத் துணைச் செயலி. போனில் கேள்வி கேட்டால் பதில் சொல்லும், கடிதம் எழுதித் தரும். அதில் இருவர் பேசும் வசதி என்று ஒன்று உண்டு. வேறு வேறு மொழிக்காரர் இரண்டு பேருக்கு நடுவில் போனை வைத்தால், இவர் சொல்வதை அவருக்கும் அவர் சொல்வதை இவருக்கும் உரக்க மொழிபெயர்க்கும். பழைய பதிப்பில் பொத்தானை அழுத்திக்கொண்டு பேச வேண்டும். பேசி முடித்து, தும்மி, மூக்கையும் துடைத்த பிறகுதான் மொழிபெயர்ப்பு வரும். அதுவும் பாதியில் நின்றுவிடும்.

புதிய பதிப்பில் இதையெல்லாம் சரிசெய்தார்கள். பொத்தான் வேண்டாம், அதுவே கேட்டுக்கொண்டிருக்கும். வாய் மூடுவதற்குள் மொழிபெயர்த்துவிடும். சிக்னல் போனாலும் போன் கீழே விழுந்தாலும் நிற்காது. அப்புறம் பாதுகாப்பு. ஒருவர் போனை இன்னொருவர் பிடுங்கி ஏதும் செய்துவிடக் கூடாது என்பதற்காக, சொந்தக்காரரின் குரலில் சொன்னால் மட்டுமே அது நிற்கும். இந்தக் குரல் பூட்டைச் சோதித்தவன் நான். சளி பிடித்த குரல், தூக்கக் குரல், பான் போட்ட குரல் எல்லாவற்றிலும் “நிறுத்து” என்று சொல்லிப் பார்த்தேன். பயந்த குரலில் சொல்லிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பரிசோதனைக்கு என்னைவிடத் தகுதியான ஆள் அந்தக் கட்டடத்திலேயே கிடையாது என்பதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

தமிழும் என் பொறுப்புதான். பேச்சுத்தமிழ் அதற்கு வரவே இல்லை. எங்கள் ஊர் ‘சவத்து மூதி’யை ‘இறந்துபோன அக்கா’ என்று மொழிபெயர்த்தது. ஊர்ப் பெருமை பொறுக்காமல் நான் உட்கார்ந்து, திருநெல்வேலியின் வசைச் செல்வம் முழுவதையும் விளக்கத்தோடு ஏற்றிக் கொடுத்தேன். வீட்டில் சொன்னபோது மனைவி தோசைக்கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

“அறிவிருக்குங்களா உங்களுக்கு? அதைப் போயி எதுக்குங்க மெசினுக்குச் சொல்லிக் குடுத்தீங்க? இந்த ஊர்ல நமக்குன்னு இருக்கற ஒரே சொத்துங்க அது.”

“மெசினு என்னத்தச் செய்யப் போவுது?” என்றேன்.

சமைத்தவன்தான் முதலில் சாப்பிட வேண்டும் என்பது எங்கள் கம்பெனிச் சட்டம். புதிய பதிப்பு ஊருக்குப் போவதற்கு முன் எங்கள் போன்களில்தான் இறங்கும். அன்று காலை நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது அது என் போனில் இறங்கி முடிந்தது.

எங்களை ஏற்றிப்போகும் கம்பெனி கேப் வண்டியில் அன்று நான் மட்டும்தான். மற்றவர்கள் வீட்டிலிருந்தே வேலை. ஓட்டுநர் லாத்தூர்க்காரர், என்னைவிட இளையவர். இங்கே வழக்கப்படி நான் அவரை ‘தாதா’ என்பேன், அவர் என்னை ‘சாஹேப்’ என்பார். முன்பு சிஞ்ச்வட்டில் கார் பாகங்கள் செய்யும் பட்டறையில் பிரஸ் மெஷினில் வேலை பார்த்தவர். அந்த மெஷின் அவருடைய இடது கையில் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் மட்டும் விட்டுவைத்தது. உள்ளங்கையால் கியரைத் தள்ளுவார். ஸ்டியரிங், கதவு, சாவி, சாப்பாடு எல்லாம் வலது கைதான். “இந்த ஒரு கைக்குத்தான் சாஹேப் கல்யாணமே ஆச்சு” என்று ஒரு தடவை சிரித்தார்.

வாகட் தாண்டி வண்டிகள் ஒட்டிக்கொண்டு ஊர்ந்தன. எங்கள் கேப் ஒரு கறுப்பு ஜீப்பின் பக்கக் கண்ணாடியை உரசியது. கண்ணாடி மடங்கியது, உடையக்கூட இல்லை. ஜீப் குறுக்கே வந்து நின்றது. இரண்டு பேர் இறங்கினார்கள். ஒருவன் கழுத்தில் தாம்புக்கயிறு கனத்துக்குத் தங்கச் சங்கிலி. சட்டைப் பொத்தான்கள் அவன் மார்பைப் பிடித்து வைக்கப் போராடிக்கொண்டிருந்தன. மற்றவன் தாடி.

வார்த்தையே இல்லை. சங்கிலிக்காரன் கதவைத் திறந்து, ஓட்டுநரைக் காலரோடு இழுத்துத் தார்ச்சாலையில் போட்டான். முதல் அறையில் உதடு கிழிந்தது. இரண்டாவதில் அவர் தலை எங்கள் வண்டியின் கதவில் மோதி, கதவு அதிர்ந்து, உள்ளே உட்கார்ந்திருந்த என் பல் கிட்டியது. தாடிக்காரன் விலாவில் உதைத்தான். ஒவ்வோர் உதைக்கும் அவரிடமிருந்து காற்று மட்டும் வெளியே வந்தது. இரண்டு பக்கமும் பைக்குகள் வளைந்து வளைந்து போயின. சிலர் நின்று போனை உயர்த்திப் படம் பிடித்தார்கள்.

அந்த நேரத்தில் நான் என்ன செய்தேன்? எல்லாக் கதவையும் பூட்டினேன். பிறகு பின்சீட்டில் மெதுவாகச் சாய்ந்து, லேப்டாப் பையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு, நானும் ஒரு பை என்பதுபோலப் படுத்தேன். பை மூச்சுவிடாது என்பது நினைவுக்கு வந்து மூச்சையும் அடக்கினேன்.

பைக்கு மேலே ஒரு கண்ணை மட்டும் வைத்துப் பார்த்தபோதுதான் சங்கிலிக்காரன் ஜீப்பிலிருந்து வீல் ஸ்பானரை எடுத்து வந்தான். தாடிக்காரன் ஓட்டுநரைத் தூக்கி எங்கள் பானெட்டின்மேல் கவிழ்த்து, அவர் வலது கையை நீட்டிப் பிடித்தான்.

“இந்தக் கையாலதானே ஓட்டின?” என்றான் சங்கிலிக்காரன் மராட்டியில். “ஹாத் மோடூன் டாகீன்.” கையை முறித்துப்போடுவேன் என்று அர்த்தம். பத்து வருஷமாகப் பேச வராவிட்டாலும் எனக்கு மராட்டி கேட்டால் புரியும். அன்று புரியாமலிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கண்ணாடி வழியாக ஓட்டுநர் என்னைப் பார்த்தார். பானெட்டில் கன்னம் அழுந்திக் கிடக்க, ரத்த உதட்டால் “சாஹேப்” என்றார். மற்றக் கை ஏற்கெனவே போனது. இதுவும் போனால் அவருக்கு எதுவும் இல்லை. அது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியும். ஸ்பானருக்குத் தெரியாது.

உடனே இறங்கினேன் என்று எழுதக் கை துடிக்கிறது. உண்மை என்னவென்றால், ஓட்டுநரின் கதவு திறந்தே கிடந்தது. கையை விட்டுவிட்டு வந்த தாடிக்காரன் அந்த வழியாகக் கைநீட்டிப் பின்கதவின் பூட்டை எடுத்து, என்னைப் பையோடு சேர்த்து வெளியே இழுத்தான். நான் இறங்கவில்லை, இறக்கப்பட்டேன். அதற்குள் சங்கிலிக்காரன் ஓட்டுநரின் முதுகில் முழங்காலை ஊன்றி, தன் இடது கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

“யே அண்ணா, நீ யாரு? இட்லி துன்னுட்டு ஆபீசுக்குப் போற வழியப் பாரு” என்றான் என்னிடம் ஹிந்தியில்.

பேச வாயைத் திறந்தேன். கடைவீதிக்குப் போதுமான என் ஹிந்தி மொத்தமும் வயிற்றுக்குள் ஓடி ஒளிந்துகொண்டது. ஆகவே போனை எடுத்தேன். இருவர் பேசும் வசதியைத் தட்டி, ஆரத்தித் தட்டைப் போல இரண்டு கையாலும் ஏந்தி, தமிழில் சொன்னேன்:

“தப்பு எங்க மேலதான். அவரை விட்டுடுங்க. கண்ணாடிய நாங்களே மாத்தித் தர்றோம். உங்களைப் பாத்தாலே பெரிய மனுசன்னு தெரியுது.”

போன் நான் முடிப்பதற்குள் முடித்தது. வானொலியில் செய்தி வாசிக்கும் அம்மாளைப் போன்ற குரல், தேன் சொட்டும் மராட்டி. சங்கிலிக்காரனின் கை தாழ்ந்தது. ஓங்கிய ஸ்பானர் இடுப்புக்கு வந்தது. தாடிக்காரன்கூட, “போலு தே” என்றான், பேசட்டும் விடு என்று. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

நினைத்ததும் நிம்மதி வந்தது. நிம்மதி வந்ததும் பழக்கம் வந்தது. முகம் நிறையச் சிரித்துக்கொண்டு, எனக்குள் சொல்லிக்கொள்வதுபோல முணுமுணுத்தேன்:

“சவத்து மூதி, தின்னு தின்னு ஒடம்ப வளத்திருக்கான், மண்டைக்குள்ள ஒரு பருக்கை கெடையாது. ஜிம்முல தூக்குறதுக்கு வீட்டுல ஆட்டுக்கல்லத் தூக்குனா அம்மைக்காவது ஒத்தாசையா இருக்கும்.”

அந்த அம்மாள் ஒரு கணமும் தயங்கவில்லை. “மேல்யா” என்று ஆரம்பித்தாள். செத்தவனே என்று மராட்டியில் திட்டும் சொல் அது. ‘சவத்து மூதி’க்கு அதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. இறந்துபோன அக்கா எங்கே, இது எங்கே! சோதனைக்காரனாக ஒரு நொடி நான் புல்லரித்துப் போனேன். பருக்கை வந்தது, ஜிம் வந்தது, ஆட்டுக்கல் வந்தது, கடைசியில் அவனைப் பெற்ற அம்மாவும் வந்தாள்.

சங்கிலிக்காரன் என்னைப் பார்த்தான். நான் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தேன். நிறுத்தத் தெரியவில்லை.

“நிறுத்து” என்றேன் போனிடம். என் தொண்டையிலிருந்து வந்தது வாலை மிதித்த பூனையின் குரல்.

“மன்னிக்கவும். இது உரிமையாளரின் குரல் அல்ல” என்றது போன்.

“ஏய், நான்தாம்ட்டி! நிறுத்து! ஐயோ, இவன் கொல்லப் போறான், காட்டெருமை மாதிரி மூக்க வெடைக்கான்!”

அதையும் சொன்னாள். காட்டெருமைக்கு எனக்கே தெரியாத மராட்டிச் சொல்லைப் போட்டுச் சொன்னாள்.

அவன் ஓட்டுநரின் மணிக்கட்டை விட்டான். அதுமட்டும் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து, அந்தக் கை பானெட்டிலிருந்து வழுக்கிக் கீழே இறங்கியது. பிறகு அவன் என்னை நோக்கி வந்தான். தாடிக்காரன் என் முகத்தில் ஒரு குத்து விட்டான். மூக்கு உடைந்து வாயெல்லாம் உப்பு. போன் பறந்து தாரில் விழுந்து வழுக்கி, எங்கள் வண்டிக்கு அடியில் போய் நின்றது. நின்றது போன் மட்டும்தான். பேச்சு நிற்கவில்லை.

நான் கேபைச் சுற்றி ஓடினேன். சங்கிலிக்காரன் பின்னால் ஓடி வந்தான். ஸ்பானரை வீசியதில் எங்கள் பின்விளக்கு நொறுங்கியது, அடுத்த வீச்சில் பின்கண்ணாடி உதிர்ந்தது. ஓடும்போது வாயை மூடிக்கொள்ளத்தானே வேண்டும்? என் வாய் அப்படி அமைந்ததில்லை. “தடிமாடு, ஓடக்கூடத் தெரியல, கோட்டிக்காரப் பய, சங்கிலி அத்துட்டு விழப் போவுது பாரு” என்று அழுதுகொண்டே ஓடினேன். வண்டிக்கு அடியிலிருந்து அந்த அம்மாள் அத்தனையையும் தெளிவாக, மரியாதை கெடாத உச்சரிப்பில் ஊருக்கே சொன்னாள். படம் பிடித்துக்கொண்டிருந்த பைக் ஓட்டிகள் சிரிக்க ஆரம்பித்தார்கள். யாரோ விசில் அடித்தார்கள். “அண்ணா, இன்னும் ஒண்ணு!” என்றான் ஹெல்மெட்டுக்குள் இருந்து ஒருவன்.

அந்தச் சிரிப்பைத்தான் சங்கிலிக்காரனால் தாங்க முடியவில்லை. எதிர்ப்பக்கமாகத் திரும்பி வந்து என்னை நேருக்கு நேர் மடக்கி, தலைக்குக் குறிவைத்து வீசினான். நான் குனியவில்லை. பயத்தில் முழங்கால் கழன்றது. அதனால் தலைக்கு வந்தது தோளில் இறங்கியது. டொக்.

தாரில் கிடந்தபடி பார்த்தேன். அவன் மறுபடி ஓங்கினான். அந்த ஓங்கிய மணிக்கட்டைப் பின்னாலிருந்து ஒரு கை பிடித்தது. ஓட்டுநரின் வலது கை. முறுக்கினார். ஸ்பானர் என் காதருகே விழுந்து தெறித்தது. தலையாலேயே அவன் முகத்தில் முட்டினார். ஒருமுறை, இன்னொருமுறை. சங்கிலிக்காரனின் மூக்கிலிருந்து ரத்தம் சட்டைப் பொத்தான் வரைக்கும் வடிந்தது. தாடிக்காரன் ஜீப்புக்கு ஓடினான். இதுவரை சும்மா நின்ற கூட்டத்துக்கு அப்போதுதான் தைரியம் வந்தது. பைக்குகளைச் சாய்த்துவிட்டு ஓடி வந்து, முட்டு வாங்கி விழுந்த சங்கிலிக்காரனை மிதிக்க ஆரம்பித்தார்கள். ஹெல்மெட்டைக் கழற்றி அதாலேயே அடித்தார்கள். இன்னும் ஒண்ணு கேட்டவன்தான் அதிகம் அடித்தான். சங்கிலிக்காரன் சுருண்டு, “ஆயீ, ஆயீ” என்று அம்மாவைக் கூப்பிட்டான். எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். வாந்திதான் வந்தது.

“பஸ், பஸ் கரா! போதும், விடுங்க!” என்று கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு கத்தியது ஓட்டுநர்தான். சங்கிலிக்காரன் நொண்டி நொண்டி ஜீப்பில் ஏறும்வரை நடுவில் நின்றார். பிறகு தரையில் படுத்து, வண்டிக்கு அடியில் கைவிட்டு, போனை எடுத்துத் தன் பனியனில் துடைத்து என் மடியில் வைத்தார். திரையில் ஒரு கீறல். “பேசுங்கள், கேட்டுக்கொண்டிருக்கிறேன்” என்றது.

மருத்துவமனைப் பக்கம் வண்டியைத் திருப்பினோம். பின்கண்ணாடி இல்லாத வண்டியில் காற்று சுழன்று அடித்தது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் எலும்பு முனைகள் ஒன்றோடொன்று உரச, ‘அம்மா’ என்றேன். போன் ‘ஆயீ’ என்றது. முன்சீட்டில் ஓட்டுநர் தன் வலது கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து, விரல்களை மடக்கிப் பார்த்தார், விரித்துப் பார்த்தார், மறுபடி ஸ்டியரிங்கில் வைத்தார். தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

“சாஹேப்,” என்றார் மராட்டியில், “நீங்க வேணும்னேதான் அவனைத் திட்டினீங்க. அவன் என் கைய விடணும்னு. எனக்குத் தெரியும். என் கூடப்பிறந்தவன்கூட இதைச் செய்ய மாட்டான்.”

அந்த முகத்தை ஓட்டுநர் தலைக்கு மேலிருந்த சின்னக் கண்ணாடியில் பார்த்தபோது என்னால் அதை வாங்கிக்கொள்ள முடியவில்லை. வேறு ஆளாக இருந்தால் சும்மா இருந்திருப்பேன். அலுவலகத்தில் அப்படித்தானே இருக்கிறேன்? ஆனால் இவர் தன் நல்ல கையால் எனக்காக ஒருவனைப் பிடித்தவர்.

“தாதா, அப்படியெல்லாம் இல்ல” என்றேன் தமிழில். “நான் பையி மாதிரி படுத்துக் கெடந்தேன், நீங்களே பாத்தீங்க. அவனுக்குக் கேக்காதுன்னு நெனச்சுத்தான் திட்டினேன். பயத்துல ஒளறினேன். ஒங்க கையக் காப்பாத்துனது நான் இல்ல. இந்தப் போனுல இன்னிக்குக் காலையில எறங்குன புதுப் பதிப்பு.”

போன் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தது. பைகூட விடுபடவில்லை.

ஓட்டுநர் கவனமாகக் கேட்டார். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு கிழிந்த உதடு வலிக்க வலிக்கச் சிரித்துவிட்டு ஏதோ சொன்னார். எனக்குப் புரிந்துவிட்டது. இருந்தாலும் போன் தன் கடமையிலிருந்து தவறாமல், அதே செய்தி வாசிக்கும் குரலில், வேகமாகவும் பிழையில்லாமலும் எனக்குத் தமிழில் சொன்னது:

“இந்தப் போன் பொய் சொல்கிறது ஐயா. முதலில் இதை அப்டேட் செய்துகொள்ளுங்கள்.”